நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் (வாட்ஸ்அப் குழு)

05/06/2025

மாலை 6:40
தலைவி அக்கா: எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை 3 மணிக்கு மேலாண்மைக் குழுக் கூட்டம். அம்மாமாருங்க அவசியம் வாங்க. பள்ளிக்கூடம் தொறந்து நாலு நாள் ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் 84 பிள்ளைங்க.

மாலை 6:52
ஓசூர் அண்ணன்: நல்ல சேதி ஒண்ணு. வாசல் வளைவுக்கு 1,60,000 ரூபாய் சேர்ந்துடுச்சு. சிப்காட்ல ஷிப்ட் முடிஞ்சு வர்ற நம்ம பசங்களை ஒவ்வொருத்தரா பார்த்து வாங்கினது. பென்னாகரம் பஸ்ல போறவங்க எல்லாம் நம்ம பள்ளிக்கூடத்துப் பேரைப் படிக்கணும்.

மாலை 6:55
பெரியப்பா: நல்லா இருங்கப்பா. படிச்ச இடத்தை மறக்காம இருக்கீங்க.

மாலை 7:04
தலைவி அக்கா: அண்ணா, உங்க மனசுக்குக் கும்பிடு. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. போர்வெல் மோட்டார் ஏப்ரல்லயே எரிஞ்சு போச்சு. பிள்ளைங்க கக்கூஸ் பூட்டியே கிடக்குது. அப்படி இருக்கறப்ப வளைவு கட்டறது எனக்கு மனசு ஒப்பல.

மாலை 7:06
ஓசூர் அண்ணன்: இதை ஏன்மா இவ்வளவு நாளா குரூப்புல போடல?

மாலை 7:07
தலைவி அக்கா: லீவுல சரி பண்ணிடலாம்னு நெனச்சோம்ணா. காசு அமையல.

மாலை 7:15
பெரிய டீச்சர்: வணக்கம். நானும் சொல்லிடறேன். நாலாவது, அஞ்சாவது பொண்ணுங்க காலையில வந்ததுல இருந்து தண்ணியே குடிக்கறதில்ல. ஏம்மான்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கறாங்க. நேத்து ஒரு பாப்பா வயித்து வலின்னு மதியமே வீட்டுக்குப் போயிட்டா. குடிக்க ஒகேனக்கல் தண்ணி வருது, அதுல குறையில்ல. கழுவறதுக்கு, கக்கூசுக்கு எல்லாம் போர் தண்ணிதான். அது நின்னு போச்சு.

மாலை 7:18
பெரியப்பா: நாங்க அந்த போர் தண்ணியையே குடிச்சோம். ஃபுளோரைடு. என் பல்லைப் பாருங்க, இன்னும் பழுப்பாத்தான் இருக்குது. ஒகேனக்கல் தண்ணி வந்தப்புறம் இந்தப் பிள்ளைங்க பல்லு வெள்ளையா இருக்கறதைப் பார்த்தா எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாலை 7:21
ஓசூர் அண்ணன்: டீச்சர், மோட்டாருக்கெல்லாம் கவர்மெண்டு பணம் வராதா?

மாலை 7:38
பெரிய டீச்சர்: வருது தம்பி, எவ்வளவுன்னு கேளுங்க. ஒன்றிய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடற சமக்ர சிக்ஷா கல்வித் திட்டத்துல பள்ளி மானியம்னு வருஷத்துக்கு ஒரு தடவை. 30 பிள்ளைங்க வரைக்கும் 10,000 ரூபாய். 100 வரைக்கும் 25,000. அதைத் தாண்டினா 50,000. நமக்கு 25,000, தலைக்கு 300 ரூபாய் கூட வராது. சாக்பீஸ், பதிவேடு, குழாய் ரிப்பேரு எல்லாம் அதுக்குள்ளதான். அதுல பத்து சதவீதம் சுத்தத்துக்கு ஒதுக்கணும். 2,500 ரூபாய், மாசம் 200 சில்லறை. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் வாங்கினா தீர்ந்துடும். போன வருஷம் அதுலயும் பாதிதான் வந்துச்சு.

மாலை 7:40
சித்தி: ஏன் பாதி?

மாலை 7:49
பெரிய டீச்சர்: அந்தத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. 2024-25க்கு நம்ம மாநிலத்துக்கு வர வேண்டியது சுமார் 2,152 கோடி. பி.எம். ஸ்ரீன்னு ஒன்றிய அரசோட மாதிரிப் பள்ளித் திட்டம் ஒண்ணு, அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாத்தான் தருவோம்னு நிறுத்திட்டாங்க. அதுல போட்டா தேசியக் கல்விக் கொள்கையையும் ஏத்துக்கணும், அதனால தமிழ்நாடு போடல. போன மாசம் சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிருக்காங்க. அந்தத் திட்டத்துல வேலை பார்க்கறவங்களுக்கு 2024 செப்டம்பர்ல சம்பளமே தாமதம் ஆச்சு.

மாலை 7:53
பெரியப்பா: மேல யாரு சரி, யாரு தப்புங்கறது பெரிய வழக்கு. அது முடியற வரைக்கும் நம்ம பாப்பா தண்ணி குடிக்காம உட்கார்ந்திருக்க முடியாது.

இரவு 8:10
ஓசூர் அண்ணன்: எனக்குப் புரியுது. ஆனா பசங்க வளைவுக்குன்னு சொல்லிக் குடுத்த காசு. கேக்காம மாத்தறது சரியில்ல. நைட்டு எல்லாருக்கும் போன் போடறேன்.

இரவு 8:12
தலைவி அக்கா: அதுதான்ணா முறை. ரெண்டாவது விஷயம், சேர்க்கை. டீச்சர் அன்னைக்கு எனக்குச் சொன்னதை இங்கயும் சொல்லுங்க.

இரவு 8:20
பெரிய டீச்சர்: தொடக்கப் பள்ளிக்கு 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு ஆசிரியர். 61ல இருந்து 90 வரைக்கும் மூணு. 91 ஆனா நாலு. கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்குது. இப்ப நாங்க மூணு பேரு, அஞ்சு வகுப்பு. நான் ஆபீஸ் வேலையா போற அன்னைக்கு ரெண்டு பேரு அஞ்சு வகுப்பையும் பார்க்கணும். ஆகஸ்ட் 1ஆம் தேதி பதிவுல இருக்கற எண்ணிக்கையை வெச்சுத்தான் பணியிடம் கணக்குப் போடுவாங்க. இன்னும் ஏழு பிள்ளைங்க வந்தா நாலாவது ஆசிரியர் கேக்க நமக்கு உரிமை இருக்குது.

இரவு 8:22
சித்தி: எங்க தெருவுல மட்டும் ஆறு பிள்ளைங்க வேன்ல போகுதுங்க. எல்.கே.ஜி. இங்க இல்லன்னு அங்க சேர்த்தாங்க, அப்படியே ஒண்ணாவதும் அங்கயே போயிடுதுங்க.

இரவு 8:27
தலைவி அக்கா: பிரைவேட்ல 25 சதவீத இலவச சீட்டுக்கு இந்த வருஷம் இன்னும் ஆன்லைன்ல தொறக்கவே இல்ல. அதை நம்பி வீட்டுல வெச்சிருக்கற பிள்ளைங்க மூணு இருக்குது. நாளைக்குக் காலையில நானும் சித்தியும் அந்த வீடுகளுக்குப் போறோம்.

இரவு 9:31
பெங்களூரு மாமா: இப்பத்தான் ஷெட்டுக்கு வந்து படிச்சேன். என் பசங்க ரெண்டு பேரும் இங்க என்கூடத்தான் இருக்காங்க. போன தையில கூட்டிட்டு வந்தேன். அம்மாவுக்குக் கண்ணு தெரியல, காலையில சோறாக்கி அனுப்ப முடியல. இங்க சைட்ல மணல் மேலயே விளையாடிட்டு இருக்குதுங்க. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது.

இரவு 9:36
தலைவி அக்கா: மாமா, காலைச் சாப்பாடு பள்ளிக்கூடத்துலயே போடறாங்களே. 2023 ஆகஸ்ட்ல இருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலயும் உண்டு. பொங்கல், உப்புமா, கிச்சடி, சாம்பார். ஆக்கறது நம்ம ஊரு மகளிர் சுய உதவிக் குழுப் பொண்ணுங்கதான். அத்தை காலையில அடுப்புகிட்டயே போக வேணாம். மதியச் சோறும் முட்டையும் அங்கயே. ராத்திரிக்கு மட்டும் பார்த்தாப் போதும், அதுக்கு எங்க வீடு பக்கத்துலதான இருக்குது.

இரவு 9:40
பெங்களூரு மாமா: நடுவுல நின்னுட்டாங்க. டி.சி. கிடையாது. சின்னவனுக்கு ஆதாரே எடுக்கல. சேர்ப்பாங்களா?

இரவு 9:44
பெரிய டீச்சர்: எந்தக் காகிதமும் இல்லன்னு சேர்க்காம விடக் கூடாது, சட்டமே அப்படித்தான் சொல்லுது. கூட்டிட்டு வாங்க, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம். உங்க பெரியவன் ரெண்டாவதுல கணக்குல கெட்டிக்காரன். நான் மறக்கல.

இரவு 9:45
பெங்களூரு மாமா: ஞாயித்துக்கிழமை பஸ்ல வர்றோம் டீச்சர்.

இரவு 9:58
நர்சிங் பாப்பா: நானும் இதுல சொல்லலாமா? பிளஸ் டூ முடிச்சதும் எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தாங்க, எல்லாருக்கும் தெரியும். புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் என் பேர்லயே வரும்னு டீச்சர் வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட பேசினாங்க. அதுக்கப்புறம்தான் காலேஜ்ல விட்டாங்க. நான் அஞ்சாவது படிச்சப்பவும் கக்கூசுல தண்ணி இருக்காது. லீவு போடுவோம். தயவுசெஞ்சு அதை முதல்ல பாருங்க அண்ணா.

இரவு 10:05
பெரியப்பா: 2011 கணக்கெடுப்புல மாநிலத்துல படிச்சவங்க நூத்துக்கு 80 பேரு. நம்ம தர்மபுரி மாவட்டத்துல 68.54. அதான் மாநிலத்துலயே கடைசி. அந்த ஊருல இருந்துதான் இந்தப் பொண்ணு படிச்சுட்டு இருக்குது. இதைவிடப் பெரிய வளைவு நாம எங்க கட்டப் போறோம்.

06/06/2025

காலை 7:12
ஓசூர் அண்ணன்: பதிமூணு பேருகிட்டயும் பேசிட்டேன். பதினொரு பேரு தண்ணிக்கே செலவு பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பேரு வளைவுன்னா தர்றோம், இல்லன்னா வேணாம்னு சொன்னாங்க. அவங்க 15,000ஐத் திருப்பிக் குடுத்துடறேன். வருத்தம் ஒண்ணும் இல்ல. மீதி 1,45,000.

காலை 7:20
பெரிய டீச்சர்: ரொம்ப நன்றி தம்பி. கையில குடுக்க வேணாம். கூட்டத்துல தீர்மானம் போட்டு வாங்கிக்கறோம். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளத்துல நம்ம பள்ளிக்குன்னே குடுக்க வழி இருக்குது, ரசீது வரும். மொத்தத்தையும் ஒரே மாசத்துல செலவு பண்ணிட வேணாம். மோட்டார், குழாய், சின்ன டேங்க் போக மீதி இருக்கட்டும். துப்புரவுக்கு வர்ற அம்மா காலையில ஒரு தடவைதான் கழுவுறாங்க. மதியமும் வரச் சொல்லி மாசா மாசம் அவங்களுக்குச் சேர்த்துக் குடுக்கலாமான்னு கூட்டத்துல கேக்கறேன்.

காலை 9:05
தலைவி அக்கா: வீடு வீடாப் போயிட்டு வந்தோம். மூணு வீட்டுல ரெண்டு வீடு சரின்னுட்டாங்க. ஒரு வீட்டுல தண்ணி இல்லாத பள்ளிக்கூடத்துக்குப் பொண்ணை அனுப்ப மாட்டேன்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாங்க. அவங்க கேட்டது நியாயம்தான். மோட்டார் ஓடின அன்னைக்கு மறுபடியும் போறேன். மாமா பசங்களையும் சேர்த்தா 88.

காலை 9:07
சித்தி: 91க்கு இன்னும் மூணு.

காலை 10:30
தலைவி அக்கா: மெக்கானிக் வந்துட்டாரு. மோட்டார் ரூம் சாவி யாருகிட்ட இருக்குதுங்க?

காலை 10:31
பெரியப்பா: என்கிட்டதான். வந்துட்டே இருக்கேன்.