அப்பாவின் பெட்டியில் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் பத்திரம்: இது எதற்குப் பங்கு?

கொரட்டூர்க்காரன்:
போகிக்குப் பரண் ஒழித்தபோது அப்பாவின் தகரப் பெட்டியில் 1991ஆம் வருடத்துப் பங்குப் பத்திரம் ஒன்று கிடைத்தது. டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் ஆஃப் இந்தியா, 50 பங்கு. அப்பா அம்பத்தூரில் லேத் ஓட்டியவர். பங்கு என்றாலே சூதாட்டம் என்பார். எப்போது வாங்கினார் என்று அம்மாவுக்கே தெரியாது. எங்கள் வீட்டு ஹெர்குலிஸ் சைக்கிள் அந்தக் கம்பெனி செய்தது என்பது மட்டும் தெரியும். விசாரித்தால் முருகப்பா குழுமம் என்கிறார்கள். சர்க்கரை, உரம், சாணைக்கல், வண்டிக் கடன், இன்சூரன்ஸ் எல்லாம் அவர்களுடையதாம். அப்படியென்றால் இந்த 50 பங்குக்கு எல்லாவற்றிலும் பாத்தியதை உண்டா? சிரிக்காமல் சொல்லுங்கள்.

ஆவடி ரிட்டயர்டு:
சிரிக்கவில்லை. ஆவடி டியூப் ப்ராடக்ட்ஸில் சேர்ந்த புதிதில் நானும் இதைத்தான் கேட்டேன். குழுமம் என்பது சொந்தக்காரர்கள் மாதிரி, கணக்கு வழக்கு தனித்தனி. சாணைக்கல் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் தனிப் பங்கு, வண்டிக் கடன் தரும் சோழமண்டலம் தனிப் பங்கு. உரம் விற்கும் கோரமண்டல் மட்டும் சர்க்கரைக் கம்பெனியான ஈஐடி பாரிக்குக் கீழே வரும். குடும்பத்தார் தங்கள் பிடியை அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற கம்பெனி வழியாக வைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்து எம்.வி. முருகப்பனின் மகள் வள்ளி அருணாச்சலம் 2020இல் இயக்குநர் இடம் கேட்டதும் அந்த அம்பாடியில்தான். வாக்கெடுப்பில் தோற்றார், 2023இல் சமரசம் ஆனது.

ஆனால் உங்கள் பத்திரம் கொஞ்சம் விசேஷம். 2017இல் அந்தக் கம்பெனியை இரண்டாகப் பிரித்தார்கள். சைக்கிள், குழாய், செயின் எல்லாம் புதுக் கம்பெனிக்குப் போயின. பழைய பெயரும் அதற்கே போய்விட்டது. பழைய கம்பெனி இன்று சோழமண்டலம் ஃபைனான்ஷியல் ஹோல்டிங்ஸ்; குழுமத்தின் வண்டிக் கடன், இன்சூரன்ஸ் கம்பெனிகளில் பங்கு வைத்திருப்பது அதுதான். ஒன்றுக்கு ஒன்று என்று புதுப் பங்கு கொடுத்தார்கள். ஆக, சைக்கிளில் ஒரு கால், கடனிலும் இன்சூரன்ஸிலும் ஒரு கால். அப்பா தெரிந்து வாங்கியிருக்க வழியில்லை!

ஒன்று, ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்டை வாங்காமல் விட்டிருந்தால் பங்கே அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போயிருக்கும். பயப்படாதீர்கள், வாரிசு என்று நிரூபித்து ஐஇபிஎஃப்-5 படிவம் போட்டால் திரும்பப் பெறலாம்.

பாரிமுனை சுப்பு:
ஒரு கொசுறு. அவர்களின் தலைமையகம் டேர் ஹவுஸ். டேர் என்றால் துணிச்சல் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். தாமஸ் பாரியின் கூட்டாளி ஜான் வில்லியம் டேர் என்பவரின் பெயராம் அது. பாரி 1788இல் கடை வைத்தார். முருகப்பா குழுமத்தைத் தொடங்கிய பள்ளத்தூர்ச் செட்டியார் 1900இல் பர்மாவின் மோல்மீனில் லேவாதேவி தொடங்கினார். 1981இல் பாரியே இவர்கள் கைக்கு வந்தது. எனக்கென்னவோ கட்டடத்தின் பெயரை மாற்றாமல் விட்டதுதான் பிடித்திருக்கிறது.

கொரட்டூர்க்காரன்:
ரொம்ப நன்றி சார். அம்மாவிடம் சொன்னேன், "அந்த சைக்கிளை எடைக்குப் போட்டது நீதானே" என்கிறாள். இப்போது வேறு சிக்கல். பத்திரத்தில் அப்பாவுக்கு ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் இரண்டு. அவர் எழுதிக் கொடுத்ததே அப்படித்தான் இருக்கும். திங்கட்கிழமை நோட்டரியைப் பார்க்கப் போகிறேன்.