கையுறையோடயே காசும் வாங்குறாங்க, உங்க அனுபவம் என்ன?

தேக்காவாசி:
இங்க சிங்கப்பூர்ல காலைப் பசியாற ஒரு கோப்பிக் கடைக்குப் போயிருந்தேன். வடை போடுறவர் கையில பிளாஸ்டிக் கையுறை. பார்க்கச் சுத்தமாத்தான் இருந்தார். அந்தக் கையாலயே பத்து வெள்ளி நோட்டை வாங்கினார், சில்லறை பொறுக்கிக் கொடுத்தார், நெத்தி வேர்வையைத் துடைச்சார், அப்புறம் என் வடையை எடுத்துப் பையில போட்டார். வெறுங்கையா இருந்திருந்தா பிசுபிசுப்பு தாங்காம ஒரு தடவையாச்சும் கழுவியிருப்பார். கையுறை அவர் கையைத்தான் காப்பாத்துது, நம்ம வயித்தை இல்ல. வடை வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

கல்லுக்காரன்:
நான் புரோட்டா போடுறவன், அதனால எங்க பக்கத்தையும் கேளுங்க. சூடான கல்லு முன்னாடி அந்த மெல்லிசு கையுறை உருகி ஒட்டிக்கும். மாவு வீச வெறுங்கைதான் வசதி. அந்த மாவு எப்படியும் கல்லுல வேகப்போகுது, கை சுத்தமா இருந்தாப் போதும். வெந்ததையும், வேகாமலே சாப்பிடுறதையும் தொடுறதுலதான் விஷயமே இருக்கு. வெட்டி வெச்ச வெள்ளரி, வெங்காயம், ஆறின வடை, இதுக்கெல்லாம் இடுக்கி வேணும்.

வேலைக்குச் சேரும்போதே உணவுப் பாதுகாப்பு வகுப்புக்குப் போயாகணும். அங்க சொன்னதுல எனக்கு மறக்காதது விரல் காயம். காயத்துல இருக்குற ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி சாப்பாட்டுல நஞ்சைக் கக்கிட்டா, திரும்பச் சூடு பண்ணாலும் அந்த நஞ்சு போகாது. அதனால வெட்டுப்பட்டா முதல்ல பிளாஸ்டர், அதுக்கு மேலதான் கையுறை.

காசு விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். எங்க கடையில முதலாளியம்மா மட்டும்தான் கல்லாவைத் தொடுவாங்க. ஒரே ஆள் நடத்துற கடையில என்ன செய்வாங்க சொல்லுங்க? போன்லயே காசு அனுப்புற பேநவ் வந்தப்புறம் கொஞ்சம் பரவாயில்ல.

பழைய ஆள்:
இப்பக் குழாயாவது இருக்கே! எங்கப்பா தள்ளுவண்டியில மீ கோரிங், அதாவது பிரட்டின நூடுல்ஸ், போட்டவர். ஒரு வாளித் தண்ணி, அதுலயே தட்டு, அதுலயே கை. தண்ணி கறுத்தா சாக்கடையில ஊத்திட்டு, தூரத்துக் குழாய்ல போய்ப் பிடிச்சுட்டு வரணும். கூட்டம் இருந்தா யார் போவா? டைஃபாய்டு, காலரா பயமெல்லாம் அந்தக் காலத்துல சும்மா இல்ல. 1971லேருந்து 1986 வரைக்கும் தெருவோரத்துல இருந்தவங்களை அரசாங்கம் உணவங்காடி நிலையங்களுக்கு மாத்துச்சு. அப்பாவுக்குக் கடை கிடைச்ச அன்னிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போய், குழாயைத் திறந்து திறந்து மூடிக் காட்டினார். 2020ல நம்ம அங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவோட மரபுப் பட்டியல்ல சேர்ந்தப்போ எல்லாரும் ருசியைப் பத்தியே பேசினாங்க. குழாயைப் பத்தி ஒருத்தரும் பேசல.

ஈசூன் அக்கா:
2009ல கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில ரோஜாக், அதான் பலகாரங்களை வெட்டிக் குழம்போட தர்றது, அதைச் சாப்பிட்டவங்களுக்கு வந்தது ஞாபகம் இருக்கா? 150 பேருக்கு மேல படுத்தாங்க, ரெண்டு பெண்கள் இறந்துட்டாங்க. பச்சைக் கடலுணவுல இருக்குற கிருமி ரோஜாக்குக்குத் தாவியிருக்கணும்னு சொன்னாங்க. கையுறை இருந்தாலும் பச்சை இறாலைத் தொட்டுட்டு அப்படியே ரோஜாக்கை வெட்டினா என்ன பிரயோசனம்? அதுலேருந்து நான் ரோஜாக் கடையில மொதல்ல பார்க்குறது வெட்டுற பலகையும் கத்தியும்தான். நகத்தையும் பார்ப்பேன். அரசாங்கம் கடைக்குத் தரம் போட்டு சுவத்துல ஒட்டியிருக்குற ஏ, பி எழுத்தை அப்புறமாப் பார்ப்பேன்.

தேக்காவாசி:
சரி, நேர்ல எப்படிச் சொல்றது? அவர் வயசுல பெரியவர்.

ஈசூன் அக்கா:
"அண்ணே, இடுக்கியால எடுத்துத் தாங்களேன்"னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. என்கிட்ட முகம் சுளிச்சவங்க ரொம்பக் குறைவு.

கல்லுக்காரன்:
தாராளமாக் கேளுங்க. ஆனா காலைக் கூட்டத்துல கேட்டீங்கன்னா, கடைக்காரர் முறைக்க மாட்டார், பின்னாடி வரிசையில நிக்கிறவங்கதான் முறைப்பாங்க!