பழைய காசு தேடினால் ஆணியும் பாட்டில் மூடியும்தான் வருகிறது, மெஷினை மாற்றணுமா?

புதுக்கரணை:

வணக்கம் நண்பர்களே. பழைய நாணயம் சேர்க்கும் ஆசையில் ஆரம்பித்து மெட்டல் டிடெக்டர் பக்கம் வந்து சேர்ந்தவன் நான். என்னிடம் இருப்பது ஆரம்ப நிலை மெஷின், ஒரே ஃப்ரீக்வென்சி, திரையில் 0 முதல் 99 வரை எண் காட்டும். தெரிந்தவர் ஒருவரின் நிலத்தில், இடிந்துபோன பழைய வீட்டின் அடித்தளம் இருக்கும் பக்கமாக, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தேடுகிறேன். வருவதெல்லாம் துருப்பிடித்த ஆணி, பாட்டில் மூடி, டின் திறக்கும் வளையம், கசங்கிய அலுமினியத் தாள். ஆணித் தொல்லை தாங்காமல் டிஸ்கிரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகத்துக்குச் சத்தம் போடாமல் ஒதுக்கும் அமைப்பை, நன்றாக ஏற்றி வைத்தேன். இப்போது மெஷின் வாயே திறப்பதில்லை. காசு என்று கிடைத்தது இன்றைக்குப் புழங்கும் சில்லறையும் பச்சை படிந்த ஒரு சின்னத் தகடும்தான், அது காசா பித்தானா என்றே தெரியவில்லை.

வீடியோக்களில் பார்த்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு வெள்ளிக்காசு எடுக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி? இன்னும் விலை கூடிய மெஷின் வாங்கினால் சரியாகுமா, இல்லை இடத்தை மாற்ற வேண்டுமா?

இன்னொன்று. ஆன்டெனா மாதிரி இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியின் விளம்பரம் அடிக்கடி கண்ணில் படுகிறது, நூறு மீட்டருக்கு அப்பால் தங்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டுமாம். யாராவது பயன்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா?

மண்காது:

மெஷின் அப்படியே இருக்கட்டும். முதலில் டிஸ்கிரிமினேஷனை இறக்குங்கள், கிட்டத்தட்ட முழுவதுமாக.

காரணம் இதுதான். மெஷினின் அடியில் இருக்கும் வட்டமான கம்பிச் சுருள் மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது, உள்ளே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து அது தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்புகிறது, அது எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக் கணக்குப் பண்ணித்தான் மெஷின் திரையில் எண் போடுகிறது. ஆகவே அந்த எண் உலோகத்தின் பெயர் இல்லை. கடத்துதிறன், பருமன், வடிவம், மண்ணுக்குள் படுத்திருக்கிறதா செங்குத்தாக நிற்கிறதா, எல்லாம் கலந்த ஒன்று. தடித்த வெள்ளிக்காசு மேல் எண்ணில் நிற்கும். அதே வெள்ளியில் தகடு மாதிரி மெல்லிசாக அடித்த சின்னக் காசு சர்ரென்று கீழே இறங்கிவிடும். சின்னத் தங்கக்காசு, அலுமினியத் தாள், டின் வளையம் மூன்றும் ஏறக்குறைய ஒரே பேட்டையில்தான் குடியிருக்கும். நீங்கள் குப்பையை வெட்டுவதாக நினைத்து டிஸ்கிரிமினேஷனை ஏற்றும்போது வயசான மெல்லிய காசுகளையும் சேர்த்தே வெட்டிவிடுகிறீர்கள்.

அடுத்தது, இடிந்த வீட்டைச் சுற்றி ஆணி கொட்டிக்கிடக்கும். ஒரு ஆணிக்கு இரண்டு விரற்கடை தள்ளி ஒரு காசு கிடந்தால், இரும்பை ஒதுக்கு என்று சொல்லி வைத்த மெஷின் அந்தக் காசையும் விழுங்கிவிடும். இரும்பின் கரகரச் சத்தத்துக்கு நடுவே ஒரு பக்கம் வீசும்போது மட்டும் லேசாக ஒரு நல்ல சத்தம் வரும் பாருங்கள், அதை விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் நின்று சுருளைக் குட்டை குட்டையாக ஆட்டுங்கள், அப்புறம் நீங்கள் கால்வட்டம் சுற்றி வந்து, அதாவது 90 டிகிரி திரும்பி, மறுபடி வீசுங்கள். இரண்டு திசையிலும் சத்தம் மாறாமல் வந்தால் தோண்டுங்கள். ஒரு திசையில் 80, மறு திசையில் 35, அடுத்த வீச்சில் ஒன்றுமே இல்லை என்றால் பெரும்பாலும் வளைந்த ஆணிதான். தட்டையான துருப்பிடித்த தகரம் மட்டும் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும், அதைத் தோண்டித்தான் தீர வேண்டும்.

வேகம்! புதிதாக வருகிற எல்லோரும் புல் வெட்டுகிற மாதிரி வீசுகிறார்கள். மெதுவாக, தரையை ஒட்டி, ஓரத்தில் தூக்காமல், முந்தின வீச்சின் மேல் பாதி ஏறுகிற மாதிரி வீசுங்கள். காசு அளவு பொருளுக்குச் சுருளின் அகலத்தைத் தாண்டிய ஆழத்தில் தூரம் இரட்டித்தால் திரும்பி வரும் சிக்னல் ஏறத்தாழ 64-ல் ஒரு பங்காகிவிடும். ஐந்து சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்து நடப்பது என்ன விலை கொடுக்க வைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏர்முனை:

மண்காது சொன்னது சரி, ஆனால் கேட்டவர் வீட்டு அடித்தளத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார், அங்கே கிடைப்பது ஆணியாகத்தான் இருக்கும். காசு விழுவது மனிதன் காசை வெளியே எடுக்கிற இடத்தில். பழைய சந்தை கூடின மைதானம், ஆற்றைக் கடக்கும் துறை, வண்டி நிறுத்தி ஆட்கள் உட்கார்ந்த மர நிழல், வயலில் உணவு நேரத்துக்கு ஒதுங்கிய வரப்பு ஓரம், வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போன ஒற்றையடிப் பாதை. பழைய நில அளவை வரைபடம் கிடைத்தால் இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள், இப்போது இல்லாத பாதை எது என்று தெரியும். அந்தக் கோட்டில் நடங்கள். நிலத்துக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள், எந்த மூலையில் ஓட்டுச்சில் வருகிறது என்பது உழுகிறவருக்குத்தான் தெரியும்.

உழாத புல்தரையில் பழையது ஆழத்தில் இருக்கும். மண்புழு கீழ்மண்ணைக் கொண்டுவந்து மேலே தள்ளித் தள்ளி, மேலே கிடந்த பொருள் மெல்லப் புதைந்துபோகும். டார்வின் 1881-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். உழுத நிலத்தில் கதை வேறு, ஒவ்வொரு உழவுக்கும் மண் புரண்டு போன வருடம் எட்டாத காசு இந்த வருடம் மேலே வரும். ஒன்றுமில்லை என்று விட்ட வயலுக்கு உழவு முடிந்து மறுபடி போவது வீண் இல்லை. நல்ல மழைக்குப் பிறகு மண் ஈரம் உள்ளே இறங்கியிருக்கும்போது சிக்னலும் தெளிவாக இருக்கும், தோண்டுவதும் சுலபம்.

வீடியோ பற்றி: எட்டு மணி நேரம் நடந்ததைப் பத்து நிமிடமாக வெட்டிப் போடுகிறார்கள். அந்த மூடி, வளையம் எல்லாம் எடிட்டிங்கில் போய்விடும், அவ்வளவுதான்.

உப்புமணல்:

மெஷின் முக்கியமே இல்லை என்கிற மாதிரிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உலர்ந்த, சாதாரண மண்ணில் மண்காது சொல்வது எடுபடும். அலை நனைத்த கடற்கரை மணலில் ஒரே ஃப்ரீக்வென்சி மெஷினை வைத்துக்கொண்டு நின்று பாருங்கள், உப்புத் தண்ணீரே மின்சாரம் கடத்துவதால் சும்மா கத்திக்கொண்டே இருக்கும், சென்சிடிவிட்டியைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் மேலே கிடப்பது மட்டும்தான் மிஞ்சும். அங்கே பல ஃப்ரீக்வென்சியை ஒரே நேரத்தில் அனுப்பும் மெஷினோ, விட்டுவிட்டுத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷனோ வேண்டும். இரும்புத்தாது கலந்த செம்மண்ணிலும் அதே பாடு. பல்ஸ் மெஷின் ஆழமாகப் போகும், ஆனால் ஆணி எது காசு எது என்று பிரிக்கத் தெரியாத பேர்வழி, ஆணிக் காட்டுக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் நிலைமைக்கு முழு மெஷினை மாற்றுவதை விட ஒரு சின்னச் சுருள் வாங்குங்கள். ஆறு அங்குலச் சுருள் பெரியதை விட ஆழம் குறைவாகத்தான் போகும், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் ஆணியையும் காசையும் தனித்தனியாகப் பார்க்கும். குழிக்குள் காசு எங்கே என்று காட்டும், கையில் பிடிக்கும் பின்பாயின்டர் இல்லையென்றால் அதையும் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் மண்வெட்டியால் குத்திக் காசின் முகத்தில் கோடு போட்டவர்கள் ஏராளம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள், ஆழத்துச் சத்தம் காற்றில் கேட்காது.

ஆன்டெனா கருவி: பச்சையான மோசடி. எந்த டிடெக்டரும் ஒற்றைக் காசை ஒரு மீட்டர் ஆழத்தில் பார்ப்பதில்லை, பொதுவாக ஒரு சாண் ஆழம்தான், நல்ல மெஷினும் நல்ல மண்ணும் அமைந்தால் இன்னும் கொஞ்சம். நூறு மீட்டராம்! இதே மாதிரிக் கம்பி நீட்டிய ஏடிஇ 651 என்ற கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக்குக்கு விற்றார்கள், சோதனைச் சாவடிகளில் அதை நம்பி நின்றார்கள். விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் இங்கிலாந்தில் 10 ஆண்டு சிறை. அந்தக் கருவியின் முன்னோடி, தொலைந்த கோல்ஃப் பந்தைத் தேட என்று விற்ற விளையாட்டுச் சாமான். பிடித்திருக்கும் கை லேசாகச் சாய்ந்தால் கம்பி தானாகத் திரும்பும், அதற்கு மேல் உள்ளே ஒன்றும் கிடையாது.

மண்காது:

கடற்கரையைப் பற்றி நான் பேசவே இல்லையே! ஆனால் சின்னச் சுருள் யோசனைக்கு முழு ஆதரவு.

புதுக்கரணை:

எல்லோருக்கும் நன்றி, ஆன்டெனா சமாச்சாரத்தை மறந்துவிட்டேன். டிஸ்கிரிமினேஷனை இறக்கிவிட்டுக் கிணற்றுப் பாதைப் பக்கம் போய்ப் பார்க்கிறேன். அந்தப் பச்சைத் தகட்டை இப்போது உற்றுப் பார்த்தால் ஓரத்தில் புள்ளி வரிசை மாதிரி ஏதோ தெரிகிறது, காசுதான் போல. எலுமிச்சையோ வினிகரோ போட்டுத் தேய்த்தால் எழுத்து தெரியுமா? அப்புறம், ஒருவேளை ஒன்றுக்கு மேல் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும், யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

களிம்பு:

தேய்க்காதீர்கள்!! எலுமிச்சை, வினிகர், பல் துலக்கும் பசை, கம்பி பிரஷ், எதுவும் வேண்டாம். செம்புக்காசின் மேல் வழவழப்பாகப் படிந்திருக்கும் கரும்பச்சைப் படலம் அழுக்கு இல்லை, பெரும்பாலும் எழுத்தும் உருவமும் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். உள்ளே இருந்த உலோகம் அரித்து அதன் வடிவத்தைப் படலம் பிடித்து வைத்திருக்கிறது, நீங்கள் அமிலத்தைப் போட்டால் படலம் கரைந்து கீழே அம்மைத் தழும்பாக ஒரு செந்நிற வட்டம் கிடைக்கும். சேகரிப்பவர் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

காய்ச்சி வடித்த நீரில் ஊறப் போடுங்கள், தண்ணீர் கலங்கும்போது மாற்றுங்கள், நாட்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. மண் இளகியதும் மரக்குச்சி முனையால் மண்ணை மட்டும் தள்ளுங்கள். வெளிறின பச்சையில், தொட்டால் மாவு மாதிரி உதிரும் புள்ளிகள் இருந்தால் அது வேறு விஷயம், மண்ணிலிருந்த குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அப்படிப்பட்டதை மற்றக் காசுகளோடு சேர்க்காமல் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் உலர்வாக வையுங்கள். வெள்ளி இவ்வளவு படுத்தாது, தங்கம் அலம்பினால் போதும். பிவிசி உறையில் எதையும் போட்டு வைக்காதீர்கள், நாளடைவில் பிசுபிசுப்பாகி அதுவே காசை அரிக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும். இங்கிலாந்தில் 1996-ம் ஆண்டுச் சட்டப்படி, 300 ஆண்டு பழமையான தங்க அல்லது வெள்ளிக்காசு இரண்டு சேர்ந்து கிடைத்தாலே புதையல், 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. பிரான்சில் தொல்பொருள் தேட டிடெக்டரைப் பயன்படுத்துவதற்கே அரசு அனுமதி வேண்டும். நிலத்துக்காரர் சரி என்றது மட்டும் பல நாடுகளில் போதாது, பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பக்கம் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவே நிற்காதீர்கள். உங்கள் நாட்டுச் சட்டத்தை இப்போதே படித்துவிடுங்கள், கிடைத்த பிறகு அல்ல.

ஒரே குழியில் இரண்டாவது, மூன்றாவது காசு வந்தால் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இதைச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. 2010-ல் இங்கிலாந்தின் ஃப்ரோம் பக்கம் டேவ் கிறிஸ்ப் என்பவருக்குப் பானையின் வாய் தெரிந்தது, அத்தோடு கையை எடுத்துவிட்டு ஆய்வாளர்களைக் கூப்பிட்டார். உள்ளே 52,503 ரோமானியக் காசு. அவர்கள் அடுக்கு அடுக்காக எடுத்ததில், இருப்பதிலேயே பிந்திய காலத்துக் காசுகள் பெரும்பாலும் மேலே இல்லாமல் பானையின் கீழ்ப்பகுதியில் இருந்தன. உண்டியல் மாதிரி வருடா வருடம் போட்டிருந்தால் அவை மேலேதானே இருக்கும்? ஆக ஒரே நேரத்தில் கொட்டிப் புதைத்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். அவரே அள்ளிச் சாக்கில் போட்டிருந்தால் காசு அத்தனையும் இருந்திருக்கும், இந்த ஒரு தகவல் மட்டும் போயிருக்கும்.

ஏர்முனை:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காசு கிடைத்தாலும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, ஆழத்தையும் எழுதி, ஒரு சின்ன உறையில் காசோடு போட்டு வையுங்கள். தோண்டின குழியை மூடுங்கள், புல்லாக இருந்தால் மூன்று பக்கம் வெட்டி மூடி மாதிரித் திறந்து, மண்ணை ஒரு துணியில் கொட்டி, திரும்பப் போட்டு மிதித்துவிடுங்கள். வந்த ஆணியையும் மூடியையும் அங்கேயே வீசாமல் பையில் கொண்டுபோங்கள், இல்லையென்றால் அடுத்த முறை அதையே தோண்டுவீர்கள். நீளமாக, உருளையாக, கனமாக ஏதாவது வந்தால் தட்டிப் பார்க்காதீர்கள், தள்ளி நின்று போலீசுக்குப் போன் செய்யுங்கள். பழைய குண்டுகள் இன்னும் மண்ணில் கிடக்கின்றன.

களிம்பு:

புதுக்கரணை, ஊற வைப்பதற்கு முன் அந்தத் தகட்டின் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழுகிற மாதிரி வைத்தால் மேடு பள்ளம் தெரியும். எடையும் விட்டமும் சொல்லுங்கள், எடை கிராமில், முடிந்தால் ஒரு தசமத்தோடு. பின்பக்கம் வளையம் ஒட்டின தடம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் பித்தான்தான்.