நைனாவுக்குக் காசிமேட்டை வானத்திலிருந்து காட்ட முடியுமா?

காசிமேட்டு மகள்:
ஆகஸ்ட்டில் நைனாவை போர்ட் பிளேரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். 68 வயது, முதல் விமானப் பயணம். நாற்பது வருடம் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போனவர். முதலில் கட்டுமரம், அப்புறம் விசைப்படகில் பங்குக்கு. வலை இழுத்து இழுத்து வலது தோள் போனபிறகுதான் கரையில் உட்கார்ந்தார். எண்ணூர் புகைபோக்கி எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தே வீடு எவ்வளவு தூரம் என்று சொல்வார். அந்தக் கரையை மேலேயிருந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. டிக்கெட் போட்ட அன்றே, "நம்ம போட்டு கட்டுற இடம் தெரியுமாம்மா?" என்று கேட்டார். எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? பைலட்டிடம் சொன்னால் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்துக் காட்டுவாரா?

ஜன்னலோரம்:
திரும்பி வரும் பயணத்தை நம்புங்கள். ஆகஸ்ட்டில் மேற்குக் காற்று என்பதால் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து மேற்கு நோக்கி இறங்குவார்கள். அப்போது வடசென்னை வலது ஜன்னலில் வரும், அதாவது எஃப் இருக்கை. இறக்கைக்கு மேல் வரும் வரிசைகள் வேண்டாம். முன்னால் அல்லது கடைசியில் எடுங்கள். காலை விமானமாக இருக்கட்டும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் இறங்கும் திசையே மாறிவிடலாம்.

கோபுரத்தில் இருந்தவன்:
விமானக் கட்டுப்பாட்டு அறையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், சாய்த்துக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள் சகோதரி. இறங்கும் நேரத்தில் முன்னும் பின்னும் விமானங்கள் வரிசையில் இருக்கும், ஒவ்வொன்றின் பாதையும் உயரமும் நாங்கள் சொல்வதுதான். 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் மேலே 21,000 அடியில் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேரும் இறந்தார்கள். பள்ளத்தாக்கின் அழகைப் பயணிகளுக்குக் காட்டும் முயற்சியும் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கையே சொன்னது. அந்த விபத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

காட்டவே மாட்டார்கள் என்றில்லை. 2023 பிப்ரவரியில் ஐஸ்லாந்திலிருந்து மான்செஸ்டர் போன ஈஸிஜெட் பைலட் ஒருவர், துருவ ஒளியை இரண்டு பக்கப் பயணிகளும் பார்க்கட்டும் என்று முழு வட்டம் அடித்தார். அது ராத்திரி, நடுவானம். உங்களுக்கு ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை போதும். ஏறும்போதே பணிப்பெண்ணிடம் நைனாவைப் பற்றிச் சொல்லி வையுங்கள். வேலைக்கு இடையூறு இல்லையென்றால் பைலட்டுகள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

காசிமேட்டு மகள்:
போய் வந்துவிட்டோம். போகும்போது ஒரே மேகம், நைனா முகம் வாடிவிட்டது. திரும்பும்போது எஃப் இருக்கை கிடைத்தது. பணிப்பெண்ணிடம் சொல்லியிருந்தேன். இறங்கத் தொடங்கும் முன் பைலட் தமிழிலேயே, "வலது பக்கம் தூரத்தில் சென்னைத் துறைமுகம், அதற்கு அந்தப் பக்கம் காசிமேடு" என்றார். நைனா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். கலங்கரை விளக்கம், துறைமுகச் சுவர் எல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். துறைமுகத்தைத் தாண்டி, தண்ணீரில் அரிசி இறைத்த மாதிரி விசைப்படகுகள்.

"அந்தக் கல்லுக்கிட்டதான் அலை நம்மளப் புரட்டிப் போடும்," என்றார். "இங்கேருந்து பார்த்தா எப்படிப் படுத்துக் கெடக்குது பாரு."

அப்புறம் சக்கரம் தரையைத் தொடும் வரைக்கும் என் கையை விடவில்லை.