புதுப்பிப்பு: மானுக்கும் வான்கோழிக்கும் விதைத்தது என்ன ஆயிற்று?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் நண்பருடைய காட்டோர அரை ஏக்கரில், மானும் வான்கோழியும் மேய வசந்தத்தில் என்ன விதைக்கலாம் என்று போன வருடம் கேட்டிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. இப்போது ஜூன், நிலவரம் இதுதான்.

மண் பரிசோதனையில் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.4 என்று வந்தது. நாங்கள் விதைக்க நினைத்த க்ளோவர் என்ற தீவனப் பயிருக்கு 6-க்கு மேல் வேண்டும். அதை உயர்த்தும் சுண்ணாம்புத் தூள் வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இலையுதிர் காலத்திலேயே போட்டுவிட்டோம். பிப்ரவரி கடைசியில் லடினோ என்ற க்ளோவர் வகையை உழாமல் அப்படியே தூவினோம். இரவில் உறைந்து பகலில் இளகும் மண், வெடித்து மூடும்போது விதையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பொடி விதை, கால் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் முளைக்கத் திணறும். இப்போது கணுக்கால் மறைய அடர்ந்து, வெள்ளைப் பூ விட்டிருக்கிறது.

சோயா கதை வேறு. சின்ன இடத்தில் வேண்டாம் என்று இங்கே பலர் சொல்லியும் நண்பர் கேட்கவில்லை. முளைத்து இலை விட்டதுமே மான்கள் மொட்டையடித்துவிட்டன. மான் எட்டாதபடி வைத்த கம்பிவலைக் கூண்டுக்குள் இருப்பவை மட்டும் முழங்கால் உயரம்!

வான்கோழிக் குஞ்சுகள் முதல் சில வாரங்கள் பெரும்பாலும் பூச்சிதான் தின்னும். அது க்ளோவரில் தாராளம். களை தலைதூக்குகிறது. ஆனால் வான்கோழிகள் அடைகாக்கும் பருவம் என்பதால் ஜூலை பாதிவரை புல்வெட்டியை இறக்கப்போவதில்லை. சோயா போன இடத்தில் அடுத்து பக்வீட் என்ற தானியப் பயிர், செப்டம்பரில் கோதுமை.