எடிசன் பேஸ்பால் குரூப், மார்ச் 2025: யாங்கீஸுக்கு அஞ்சாவது பிட்சர் (பந்து போடறவர்) எப்ப வேணும்?

*கார்த்திக், இரவு 8:12*
சீசன் தொடங்கற ஓப்பனிங் டேக்கு ஒரு வாரம்கூட இல்ல. நம்ம பிட்சர்ல கோலுக்கு முழங்கை ஆபரேஷன், 2025 முழுக்க அவுட். கில்லுக்கு லாட் தசைல (முதுகுப் பக்கம்) காயம், ஆறு வாரம் பந்தே தொடக்கூடாதாம். ஷ்மிட்டுக்குத் தோள். நம்ம நியூயார்க் யாங்கீஸ் யாரை வச்சு ஆடப் போறாங்க?

*ராகவன் மாமா, 8:15*
ரோடான், ஃப்ரீட், ஸ்ட்ரோமன், வாரன், கராஸ்கோ. ஆட்டத்த ஆரம்பிக்கற ஸ்டார்ட்டர்னா, முறை வச்சுப் போட இந்த அஞ்சு பேர்தான். வேற ஆள் ஏதுடா.

*சுதா, 8:16*
பிப்ரவரில ஸ்ட்ரோமன் ஆறாவது ஆள். புல்பென்னுக்கு (ஆட்டம் நடுவுல வந்து போடற ரிலீவர் கூட்டம்) போக மாட்டேன்னு சொன்னதுக்கு என்ன திட்டு வாங்கினார்! இப்ப மூணாவது ஸ்டார்ட்டர் 😀 இன்னொண்ணு, இந்த வருஷம் 140 இன்னிங்ஸ் போட்டுட்டா 2026-லயும் 1.8 கோடி டாலருக்கு இருக்கறதா வேண்டாமாங்கற ஆப்ஷன் அவர் கைக்குப் போயிடும்.

*கார்த்திக், 8:18*
வாரனை நினைச்சாத்தான் அக்கா வயித்தக் கலக்குது. போன வருஷம் ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கற ரன் சராசரி) 10.32.

*முரளி, 8:21*
அது வெறும் 22 இன்னிங்ஸ் சொச்சம்டா, அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அட்டவணையப் பாருங்க. மார்ச் 27 வியாழன் மில்வாக்கியோட, 28 லீவு, 29, 30 ஆட்டம், 31 மறுபடி லீவு. ரோடான் 27-ல போட்டா நாலு நாள் ஓய்வோட ஏப்ரல் 1-ல திரும்ப வரலாம். 2 வாரன், 3 ஃப்ரீட், 4 ஸ்ட்ரோமன். அஞ்சாவது ஆள் முதன்முதலா தேவைப்படுறது ஏப்ரல் 5, பிட்ஸ்பர்க்ல. அதுவரைக்கும் அந்த இடத்துல கூடுதலா ஒரு ரிலீவர வச்சுக்கலாம்.

*ராகவன் மாமா, 8:24*
பேப்பர்ல சரி முரளி. ஆனா சீசனுக்கு முந்தின பயிற்சி கேம்ப்ல ஒரு ஸ்டார்ட்டர் 20 பந்துல ஆரம்பிச்சு, அஞ்சு நாளுக்கு ஒரு தடவை பத்துப் பதினஞ்சா ஏத்தி, இப்பத்தான் 75, 80-க்கு வந்திருப்பார். ஏப்ரல் முதல் வாரம் குளிரு வேற. ஏற்கெனவே மூணு கை போயிருக்கு, மிச்சக் கைக்கு ஒரு நாள் கூடுதல் ஓய்வு கொடுக்கறதுதான் புத்திசாலித்தனம். அஞ்சு பேரையும் முதல் நாள்லேருந்தே சுத்த விடணும்.

*சுதா, 8:26*
மாமா சொல்றதுதான் சரி. அதோட கராஸ்கோ வந்தது மைனர் லீக் (கீழ்மட்ட டீம்) ஒப்பந்தத்துல. அந்த மாதிரி ஒப்பந்தத்துல பெரும்பாலும் ஒரு தேதி போட்டிருக்கும், அதுக்குள்ள மேல எடுக்கலைன்னா ஆள் கிளம்பிடலாம். ஏப்ரல் 5 வரைக்கும் இரும்மான்னா இருப்பாரா?

*முரளி, 8:27*
அது பாயிண்ட். அவர எடுக்க டீமோட 40 பேர் ஒப்பந்த லிஸ்ட்ல ஒரு இடம் காலியாகணும். கோலை 60 நாள் ஐஎல்ல (காயப் பட்டியல்) போட்டா அந்த இடம் கிடைக்கும். 15 நாள் ஐஎல்னா ஆட்டத்துக்கான 26 பேர் லிஸ்ட்ல மட்டும்தான் காலி, 40-ல எண்ணிக்கை அப்படியே இருக்கும். நிறைய பேர் இதுலதான் குழப்பிக்கறாங்க.

*கார்த்திக், 8:29*
ஷ்மிட் எப்ப அண்ணா?

*முரளி, 8:31*
ஐஎல் தேதிய மூணு நாள் பின்னாடி போடலாம். மார்ச் 24-லேருந்து கணக்குன்னா ஏப்ரல் 8-ல வரலாம். அது விதிப்படி. தோள் ஒத்துழைக்கணும். கில் விஷயம் ரொம்ப நீளம்: கேட்ச், 120 அடி த்ரோ, மவுண்ட்லேருந்து (பிட்சர் நிக்கற மேடு) போடறது, நிஜ பேட்டருக்குப் போடறது, அப்புறம் மைனர்ல ரீஹேப் ஆட்டம் (பிட்சருக்கு அதிகபட்சம் 30 நாள்). ஜூனுக்கு முன்னாடி எதிர்பார்க்காதே. நடுவுல ஒரு கட்டத்துல வலிச்சாலும் பின்னாடி போய் ஆரம்பிக்கணும்.

*கார்த்திக், 8:33*
ஒரு பிட்சர வாங்கிட்டா முடிஞ்சுது!

*சுதா, 8:36*
கடை எங்க இருக்குன்னு சொல்லு 😂 டீமோட சம்பளக் கணக்கு லீக்கோட வரிக் கோடான 30.1 கோடி டாலரத் தாண்டியாச்சு. தொடர்ந்து வரி கட்டற டீம் வேற. அந்தக் கோட்டுக்கு மேல 110% வரி. 1 கோடி டாலர் ஆளு வந்தா மொத்தச் செலவு 2.1 கோடி. மார்ச்ல விக்கறவனும் நம்ம அவசரத்தப் பார்த்து பதிலுக்கு ரெண்டு நல்ல இளம் ஆட்டக்காரங்களக் கேப்பான். ஜூலை வரைக்கும் பொறுக்கணும்.

*கார்த்திக், 8:37*
_இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

*ராகவன் மாமா, 8:37*
படிச்சுட்டேன்டா. பிட்சர் கோர்டெஸை வித்தது தப்புன்னுதானே? அவரக் கொடுத்துத்தான் மில்வாக்கிலேருந்து டெவின் வில்லியம்ஸ வாங்கினோம், சும்மா வரல. இப்ப அதே மில்வாக்கியோட முதல் சீரீஸ், கோர்டெஸ் எதிர்ல நிப்பார், அதான் எரியுது.

*முரளி, 8:40*
எனக்கு பிட்சிங்க விட தேர்ட் பேஸ்தான் கவலை. லெமெஹியூ கெண்டைக்கால் பிடிச்சு வெளிய. பெராசாவுக்கு ஆப்ஷன் (தடையில்லாம மைனருக்கு அனுப்பற உரிமை) தீர்ந்துபோச்சு, வெய்வர் (மத்த டீம் எடுத்துக்கலாம்னு விடறது) வழியா இல்லாம கீழ அனுப்ப முடியாது. முதல் 30 நாள் வெய்வர் வரிசை போன வருஷத் தோல்விப்படி. 121 தோத்த வைட் சாக்ஸ் முதல்ல நிக்குது, கண்டிப்பா தூக்கிடும்.

*சுதா, 8:42*
அதனால அடிக்கலைன்னாலும் பெராசா டீம்ல. கப்ரேரா வலது, இடது ரெண்டு பக்கமும் நின்னு அடிப்பார், தினமும் ஆடட்டும். ஸ்டாண்டனுக்கு ரெண்டு முழங்கையும் போனதுல டிஎச் (பேட்டிங் மட்டும் பண்றவர்) இடம் ரைஸுக்கு, அதுல எனக்குச் சந்தோஷம்தான்.

*ராகவன் மாமா, 8:44*
ரைஸ் கேட்ச்சரும்தானேம்மா. பெஞ்சுல நாலு பேருதான், ஒரு ஆளு ரெண்டு வேலை பார்த்தாத்தான் பெராசாவ வச்சுக்க முடியும்.

*கார்த்திக், 8:45*
அப்ப ஏப்ரல் 5?

*முரளி, 8:46*
மாமா வழியில போனா 4-ல ஃப்ரீட், 5-ல ஸ்ட்ரோமன். கராஸ்கோ 2-ஆம் தேதி அரிசோனாவோட. பேட்டிங் நல்லா இருக்கற டீம், அஞ்சு இன்னிங்ஸ் தாங்கினாலே பெரிசு.