கேப்டன் சிஸ்கோ செய்ததில் பெரிய குற்றம் எது?

தணிக்கைக்காரி:

மூன்று நாளாக எனக்கும் மகளுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. காரணம் கேப்டன் சிஸ்கோ. அவர் நாயகனாக வரும் ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற விண்வெளித் தொடரை இருவரும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆறாம் சீசனின் பத்தொன்பதாம் எபிசோட், ‘இன் த பேல் மூன்லைட்’. முடிந்ததும், “பிக்கார்டாக இருந்தால் இதைச் செய்திருக்கவே மாட்டார்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். பிக்கார்ட், இதற்கு முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன். அவளுக்குக் கொலைதான் பிரச்சினை. எனக்கு வேறொன்று.

பார்த்து வெகுகாலம் ஆனவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். டொமினியன் என்ற எதிரிப் பேரரசோடு நடக்கும் போரில், பூமி உள்ளிட்ட கோள்களின் கூட்டமைப்பான ஃபெடரேஷன் தோற்றுக்கொண்டிருக்கிறது. இறந்தவர், காயமுற்றவர், காணாமற்போனவர் பட்டியலை வெள்ளிக்கிழமைதோறும் சிஸ்கோ சுவரில் ஒட்டுகிறார். இன்னொரு பேரரசான ரோமுலன்கள் எதிரியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களை இந்தப் பக்கம் இழுக்க ஆதாரம் வேண்டுமென்று, தையற்கடை வைத்திருக்கும் பழைய உளவாளி கராக்கிடம் போகிறார். உண்மையான ஆதாரம் அகப்படவில்லை. கராக்கிடம் பேசிய ஆட்கள் எல்லாரும் ஒரே நாளுக்குள் செத்துப்போனார்கள். சரி, போலியே செய்துவிடலாம் என்று முடிவாகிறது. கிளிங்கன் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த டோலார் என்ற மோசடிக்காரனை வெளியே எடுத்து, டொமினியன் ரோமுலஸைத் தாக்கத் திட்டமிடுவதுபோல ஒரு பதிவைத் தயாரிக்கிறார்கள். ரோமுலன் செனட்டர் விரீனாக் அதைச் சோதித்துப் போலி என்று கண்டுபிடித்துவிடுகிறார். திரும்பும் வழியில் அவருடைய கலம் வெடிக்கிறது. குண்டு வைத்தவர் கராக். டோலாரையும் அவரே தீர்த்துவிட்டார். கலத்தின் சிதைவில் அந்தப் போலிப் பதிவு கிடைக்க, ரோமுலன்கள் போரில் இறங்குகிறார்கள்.

இவ்வளவையும் சிஸ்கோ தம் சொந்தக் குறிப்பேட்டில், நம் முகத்தைப் பார்த்தபடியே, சொல்லிக்கொண்டு வருகிறார். கடைசியில் கோப்பையை உயர்த்தி, என்னால் இதோடு வாழ முடியும் என்கிறார். பிறகு அந்தக் குறிப்பு முழுவதையும் அழித்துவிடும்படி கணினிக்கு உத்தரவு.

எனக்கு நெஞ்சு அடைத்தது அங்கேதான். நான் இருபத்தாறு ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்தவள். தவறான எண்ணை எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடித்த எண்ணும் படிக்கும்படி. மேலே சரியான எண், பக்கத்தில் சுருக்கொப்பம். ஒயிட்னர் கூடவே கூடாது. ஒருமுறை ஒரு பேரேட்டில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் இருந்த இடத்தில் ஒயிட்னர் பூசியிருந்தது. பெயர் வேண்டாம். எழுத்தர் அழுதுகொண்டே, “பணம் எடுக்கவில்லை அம்மா, கூட்டலில் பிழை, அதைத்தான் மறைத்தேன்” என்றார். நம்பினேன். உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க அவரிடமே ஒன்றும் மிச்சமில்லை. அந்தத் தணிக்கைத் தடை ஒன்பது ஆண்டுகள் நிலுவையில் கிடந்தது.

அதனால் அந்த எபிசோடில் என் ஆள் டாக்டர் பஷீர்தான். போலிப் பதிவுக்கு விலையாக, ஆபத்தான பொருளான பயோமிமெட்டிக் ஜெல் 85 லிட்டர் கொடு என்று சிஸ்கோ சொன்னதும், எழுத்தில் உத்தரவு கேட்கிறார். எதிர்ப்பைப் பதிவுசெய்வேன் என்கிறார். சீசனின் மிக உயர்ந்த வீரச்செயல் அது. சிரிக்காதீர்கள்.

பொய், லஞ்சம், கொலைக்கு உடந்தை, கடைசியில் பதிவை அழித்தது. இவற்றில் எது பெரியது? நான் கடைசியைச் சொல்கிறேன். மகள் என்னை மனிதத்தன்மை இல்லாதவள் என்கிறாள்.

மூன்றாம் ஷிப்ட்:

அக்கா, மகள் பக்கம் நான் இல்லை, உங்கள் பக்கமும் இல்லை. நான் இரவுப் பணிச் செவிலி. வெள்ளிக்கிழமைப் பட்டியலை ஒட்டும் கை எப்படியிருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஃபெடரேஷன் கோளான பீட்டாஸெட் விழுந்த செய்தி வருகிறது. அடுத்து வல்கன் கோள் என்று பயப்படுகிறார்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு, எந்தக் குற்றம் முதலாவது, எது நான்காவது என்று வரிசை போட எனக்கு மனம் வரவில்லை. அவர் செய்தது தவறு. செய்திருக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

பிக்கார்ட் பற்றி மகளிடம் சொல்லுங்கள்: அவரும் இதே வாசலில் வந்து நின்றவர்தான். 1992-இல் வந்த ‘ஐ, போர்க்’ எபிசோடில், பிறரைப் பிடித்துத் தம்மோடு இணைத்துக்கொள்ளும் பாதி இயந்திரக் கூட்டமான போர்க்கிலிருந்து பிடிபட்ட ஹ்யூ என்ற இளைஞன் மூலமாகவே மொத்தக் கூட்டத்தையும் அழிக்கும் நிரலை அனுப்பலாம். பிக்கார்ட் முதலில் சம்மதிக்கிறார். அவனோடு பேசிப் பார்த்த பிறகுதான் மனம் மாறி அப்படியே திருப்பி அனுப்புகிறார். மறு ஆண்டு ‘டிசென்ட்’ எபிசோடில் அட்மிரல் நெச்சயேவ் அதற்காக அவரை முகத்துக்கு நேரே கண்டிக்கிறார். இனி வாய்ப்புக் கிடைத்தால் அழித்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. கைகள் சுத்தம், சரி. அதற்கான விலையை அடுத்து போர்க்கிடம் அகப்பட்டவர்கள் கொடுத்தார்கள்.

தையற்கடை வாசல்:

அழிக்காமல் வேறு என்ன செய்வார் அம்மா? அந்தக் குறிப்பு ரோமுலன் உளவுத்துறை கையில் சிக்கினால் கூட்டணி மறுநாளே உடையும். சில வேளை அவர்களே எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வார்கள். விரீனாக்கும் டோலாரும் எதற்காகச் செத்தார்களோ அதுவும் வீண். போலிக்குச் சம்மதித்தவுடனேயே அழிப்புக்கும் சம்மதித்தாகிவிட்டது. ஆக உங்கள் நான்காவது குற்றம் முதலாவதின் வால்தான்.

கராக்கை எல்லாரும் ரசிக்கிறோம், அவர் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. நீங்கள் செய்ய முடியாததை நான் செய்வேன் என்று தெரிந்துதானே என்னிடம் வந்தீர்கள் என்று சிஸ்கோவைக் கேட்கிறார். பதில் இல்லை. ஒரு குத்துதான் விழுகிறது. பிறகு கணக்குச் சொல்கிறார்: ஒரு செனட்டர், ஒரு குற்றவாளி, ஓர் அதிகாரியின் சுயமரியாதை, ஒரு பெரும் பிரதேசத்தையே காப்பாற்ற இது மலிவு என்று. தணிக்கைக்காரிக்கு அந்த ரசீது போதாதா?

லாட்டினம் 98:

அந்த எபிசோடில் கணக்கை நேராக வைத்திருந்தவர் மதுக்கடைக்காரர் குவார்க் ஒருவரே. டோலார் அவரைக் கத்தியால் குத்தினான். புகாரை விடுவதற்கு லஞ்சம் கேட்டார், வாங்கினார், ஒவ்வொருவனுக்கும் ஒரு விலை உண்டு என்ற, தம் இனத்தாரின் வணிக விதிகளில் 98-ஆம் விதியில் தம் நம்பிக்கையை மீட்டுத் தந்ததற்காகச் சிஸ்கோவுக்கு நன்றியும் சொன்னார். வரவு, செலவு, ஒப்புகை மூன்றும் உண்டு.

சோலோசாஸ் 3:

எல்லாரும் தவறான எபிசோடைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுகிறீர்கள் என்பது என் பல ஆண்டு முறையீடு. சிஸ்கோவின் மோசமான நாள் 1998-இல் வரவில்லை, 1997-இல் வந்தது. ஐந்தாம் சீசன், ‘ஃபார் த யூனிஃபார்ம்’. தம் கீழ் வேலைபார்த்து, கார்டாசியர் என்ற இனத்தை எதிர்க்கும் மாக்கி கிளர்ச்சிக்காரர்களோடு போய்ச் சேர்ந்த எடிங்டனைப் பிடிக்க வேண்டும். எடிங்டன் கார்டாசியக் குடியேற்றங்களில் விஷம் தூவுகிறான். சிஸ்கோ என்ன செய்கிறார்? மாக்கி குடியேறிய கோள் ஒன்றின் காற்றில் தாமும் விஷத்தைக் கலக்கிறார். மனிதர் 50 ஆண்டுகள் அங்கே வாழ முடியாது. எடிங்டன் சரணடையும் வரை அடுத்தடுத்த கோள்களுக்கும் இதே கதி என்று மிரட்டுகிறார். குடியிருந்தவர்கள் தப்பி ஓடுகிறார்கள். இடம்பெயர்ந்த இரு தரப்பாரும் ஒருவர் விட்ட கோளில் இன்னொருவர் குடியேறிக்கொள்ளலாம் என்று கதை நமக்கு ஆறுதல் சொல்கிறது. வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு அது எப்படிப்பட்ட ஆறுதல் என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே கூட்டணி இல்லை, பீட்டாஸெட் இல்லை, வெள்ளிக்கிழமைப் பட்டியல் இல்லை. இருந்தது ஏமாற்றப்பட்டவனின் ஆத்திரம். ஃபெடரேஷனின் விண்படையான ஸ்டார்ஃப்ளீட்டிடம் அனுமதி வாங்கினீர்களா என்று கடைசியில் அவருடைய அதிகாரி டாக்ஸ் கேட்கிறாள். ஏதோ ஒன்றை மறந்துவிட்டேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது என்கிறார் சிஸ்கோ. நகைச்சுவைக் காட்சி! விரீனாக் விவகாரத்திலாவது திட்டத்துக்குத் தலைமையகத்தின் ஒப்புதல் இருந்தது.

இன்னொன்று. ஆறாம் சீசனின் தொடக்கப் பகுதியில், மரபணு மாற்றப்பட்ட சிலர் கணக்குப் போட்டு, போரைத் தொடர்ந்தால் 90,000 கோடி பேர் சாவார்கள், சரணடைவதே மேல் என்கிறார்கள். சிஸ்கோ அந்தக் கணக்கை வீசியெறிகிறார். சில மாதம் கழித்து இருவர் உயிருக்கு எதிராகக் கோடிக்கணக்கானோர் என்ற கணக்கை விழுங்குகிறார். எண்கள் அவருக்குப் பிடித்த பக்கம் இருந்தால் மட்டும் எண்களாகத் தெரிகின்றன.

தணிக்கைக்காரி அம்மாவுக்கு ஒரு கேள்வி. 1997-இல் அவர் எதையும் அழிக்கவில்லை, ஏனென்றால் வெட்கமே இல்லை. 1998-இல் அழித்தார், வெட்கம் இருந்தது. அப்படியானால் அழிப்பு, மனச்சாட்சி உயிரோடிருப்பதற்கு அடையாளமல்லவா?

தணிக்கைக்காரி:

தையற்கடை வாசல், ரசீது என்பது பணம் கொடுத்தவரிடமும் வாங்கியவரிடமும் இருக்க வேண்டும். இங்கே விலை கொடுத்தது சிஸ்கோ மட்டுமல்ல. பொய்யை நம்பிப் போருக்குப் போன ரோமுலன் சிப்பாய்களும்தான். அவர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. போர் நடக்கும்வரை மறைத்து வைப்பது வேறு. பூட்டிவைக்கலாமே, ஐம்பது ஆண்டுக்குப் பிறகு திறக்கும்படி. அவர் பூட்டவில்லை.

சோலோசாஸ், அந்த எழுத்தருக்கும் வெட்கம் இருந்தது. வெட்கம்தான் ஒயிட்னரை எடுக்க வைத்தது.

மூன்றாம் ஷிப்ட், பிக்கார்ட் பற்றி நீங்கள் எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். உங்களுக்கு எதிராகவே திருப்பிவிட்டாள். “ஹ்யூவை விட்டது ஏட்டில் இருந்தது, அதனால்தான் அட்மிரலால் அவரைக் கண்டிக்க முடிந்தது. சிஸ்கோவை இனி யார் கண்டிப்பது?” என்றாள். என் வாதத்தை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள். ஆகவே பேச்சுவார்த்தை தொடங்கியிருக்கிறது.

‘ஃபார் த யூனிஃபார்ம்’ விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. சென்ற மாதம்தான் பார்த்தோம். டாக்ஸ் அனுமதி பற்றிக் கேட்கும் இடத்தில் மகள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.